வியர்க்கும் வண்டிகள்

ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்தை மேலிருந்து கீழாகத்தான் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கியதும் லிஃப்ட்டில் ஏற்றி நேரே உச்சித் தளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி இறங்க, காலமும் கூடவே இறங்கி வருகிறது. 2006-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கீழே வருகின்றன. மரபணுவின் இரட்டைச் சுருளை மனதில் வைத்து வரைந்த அமைப்பு அது. ஒன்பது தளங்களில் 160 வண்டிகள்.

மேலே கதவு திறந்தபோது எதிரில் நின்றது ஒரு வெள்ளைக் குதிரையின் உருவம். கார் வருவதற்கு முந்தைய உலகத்தின் அடையாளமாக அதை வைத்திருக்கிறார்கள். என்னோடு வந்தவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு கார்களைப் பார்க்க விரைந்தார்கள். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். இந்த நூலின் வெப்பம் பற்றிய பகுதிக்காக, ஒரே ஒரு கேள்வியோடு அங்கே போயிருந்தேன். ஒவ்வொரு வண்டியும் தன் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? அந்தக் கேள்விக்கு முதல் பதில் குதிரையிடம் இருக்கிறது.

குதிரை வியர்க்கும். விலங்குகளில் மனிதனைப் போல உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டுவது அரிது. குதிரை அப்படிப்பட்ட ஒன்று. கடுமையாக ஓடும்போது மணிக்கு 10 லிட்டர் வரைகூட அதன் உடம்பிலிருந்து வியர்வை போகும். தீனியிலிருந்து கிடைக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தசை வேலையாக மாற்றுகிறது. மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் குதிரை ஓட்டத்தின் நடுவிலேயே விழுந்துவிடும். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகிப் பானைத் தண்ணீரைக் குளிர்விப்பதும் குதிரையின் விலாவில் நடப்பதும் ஒன்றுதான்.

சில அடி தள்ளி கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி. 1886 ஜனவரி 29-ஆம் தேதி, 37435 என்ற எண்ணில் காப்புரிமைக்குப் பதிவான வண்டி. அசல் வண்டி மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது. இங்கே நிற்பது அதைப் பார்த்துச் செய்த நகல். ஒரே சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைத்திறன், மணிக்கு 16 கி.மீ. வேகம். எஞ்சினுக்கு மூடி கிடையாது. பின்பக்கம் குனிந்தால் படுக்கை வசத்தில் சுழலும் பெரிய சக்கரமும், சங்கிலியும், எண்ணெய்க் கிண்ணங்களும் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. இந்த வண்டிக்கு முகமே இல்லை என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. முன்பக்கம் ஒரு சின்னச் சக்கரம், அதைத் திருப்ப ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இன்று நாம் காரின் முகம் என்று நினைக்கும் கம்பித்தடுப்பும் வாயும் எதுவும் இல்லை. அது ஏன் இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வண்டியும் குதிரையைப் போல வியர்த்தது.

சிலிண்டரைச் சுற்றி ஓர் உறை, அதில் தண்ணீர். எஞ்சின் ஓட ஓட அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் காற்றில் போய்விடும். குறையும்போது மறுபடி ஊற்ற வேண்டும். முரட்டு வழியாகத் தெரிந்தாலும் இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 294 கிலோஜூல் வெப்பம் போதும். ஆனால் அதே 100 டிகிரியில் அந்த ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க சுமார் 2257 கிலோஜூல் வேண்டும். ஏழரை மடங்கு! சூடாவதைவிட ஆவியாவதுதான் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால், உறையில் தண்ணீர் இருக்கும்வரை சிலிண்டர் ஒரே சூட்டில் நிற்கும். பம்பு வேண்டாம், விசிறி வேண்டாம்.

வேண்டியதெல்லாம் வழிநெடுக தண்ணீர். 1888 ஆகஸ்டில் கார்லின் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் இந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப் போனார். கணவரிடம் சொல்லாமல் கிளம்பிய பயணம். வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் அவர் எரிபொருள் வாங்கியதை எல்லோரும் சொல்வார்கள். துணிக்கறை போக்க மருந்துக்கடையில் விற்ற லிக்ரோயின் என்ற திரவம் அது. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததும் பிரபலம். ஆனால் அந்தப் பயணத்தில் அவரை அடிக்கடி நிறுத்தியது தண்ணீர்தான். சத்திரம், ஓடை, கிணறு என்று எங்கே கிடைத்ததோ அங்கே நிறுத்தி ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அதன் மேல் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். இன்று ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும் பிரேக் லைனிங்கின் தொடக்கம் அது. உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்த அந்தப் பெண்ணை ஓட்டுநர் என்று மட்டும் சொல்வது குறைத்துச் சொல்வதாகும். கார்ல் கட்டிய வண்டியின் குறைகளைத் தெருவில் வைத்துக் கண்டுபிடித்த முதல் சோதனைப் பொறியாளர் அவர்.

அதே அறையின் இன்னொரு பக்கம் காட்லீப் டைம்லருடையது. பென்ஸும் டைம்லரும் நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள் வாழ்ந்து, ஒரே காலத்தில் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்தவர்கள். டைம்லரும் அவர் தோழர் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-இல் செய்த மரச்சட்ட இருசக்கர வண்டியின் நகல் ஒன்று இருக்கிறது. அதில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. ஒரு சின்ன குழாயை விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சி வைப்பார்கள். அந்தச் சூடே பற்றவைக்கும். அந்தக் குழாய் இருந்தது இருக்கைக்கு நேர் கீழே. டைம்லரின் மகன் முதல் முறை ஓட்டிப் போனபோது இருக்கையில் தீப்பிடித்தது. சூட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி, மோட்டார் வண்டியின் வரலாற்றில் முதல் நாளிலேயே வந்துவிட்டது.

கீழே இறங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போகிறது. மூன்றாவது பங்கு எஞ்சினின் உலோகச் சுவரில் ஏறுகிறது. வீணாகும் இந்த இரண்டு பங்கையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். ஆனால் இரண்டும் போவதற்குக் காரணம் வேறு வேறு.

புகையோடு போகும் சூடு இயற்கை விதித்த வரி. 1824-இல் சாடி கார்னோ என்ற 28 வயது பிரெஞ்சுப் பொறியாளர் இதை எழுதினார். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் இறங்கும்போதுதான் அதிலிருந்து வேலை எடுக்க முடியும். ஆகவே கொஞ்சம் வெப்பத்தைக் குளிர்ந்த பக்கத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு நேர்த்தியாக எஞ்சின் செய்தாலும் இந்த வரியிலிருந்து தப்ப வழியில்லை.

சுவரில் ஏறும் சூடு அப்படி அல்ல. அதை வெளியேற்றச் சொல்வது உலோகமும் எண்ணெயும். சிலிண்டருக்குள் தீ எரியும் கணத்தில் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எண்ணெய் அதற்கு வெகு முன்னாலேயே தண்ணீராக இளகி வழுக்கும் தன்மையை இழக்கும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். நம் மெக்கானிக்குகள் 'எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். சுவருக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒன்று குளிர்வித்துக்கொண்டே இருப்பதால்தான் தீக்குள் அந்த உலோகம் உயிரோடு இருக்கிறது.

இப்போது அடுத்த அறை. 1902-இல் செய்த மெர்சிடிஸ்-சிம்ப்ளக்ஸ் 40 குதிரைத்திறன் வண்டி. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மெர்சிடிஸ்களில் மூத்தது. இதற்கு முகம் இருக்கிறது. நீள மூடி, அதன் முன்னால் நிமிர்ந்து நிற்கும் பித்தளைச் சட்டம், சட்டத்துக்குள் தேன்கூடு.

இந்தத் தேன்கூட்டைக் கண்டுபிடித்தவர் மைபாக். பத்து வயதில் பெற்றோரை இழந்து, ராய்ட்லிங்கன் ஊரின் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்து, அங்கேயே வரைபடத் தொழில் கற்றவர். எமில் யெலினெக் என்ற வணிகர் வேகமான வண்டி வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவருக்காக 1900-ஆம் ஆண்டின் இறுதியில் 35 குதிரைத்திறன் வண்டியை மைபாக் முடித்துக் கொடுத்தார். யெலினெக்கின் மகள் பெயர் மெர்சிடிஸ். வண்டிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

35 குதிரைத்திறன் என்பது சுமார் 26 கிலோவாட். மூன்று பங்குக் கணக்குப்படி அதே அளவு வெப்பம் எஞ்சின் சுவரிலும் ஏறும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் 13-ஐ ஒரே நேரத்தில் போட்டுவிட்டதற்குச் சமம். இதைப் பென்ஸின் வழியில் கொதிக்கவைத்து விரட்ட வேண்டுமென்றால் மணிக்கு சுமார் 40 லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். மூன்று குடம் தண்ணீர்! வண்டி ஓட்டவே முடியாது. ஆகவே தண்ணீரை இழக்காமல் அதன் சூட்டை மட்டும் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கே சிக்கல் காற்று. காற்று வெப்பத்தை வாங்குவதில் மந்தம். மந்தமானவரிடம் நிறைய கொடுக்க வேண்டுமென்றால், தொடும் பரப்பைப் பெருக்குவதே வழி.

மைபாக் 6 மி.மீ. பக்கமுள்ள சதுரக் குழாய்கள் 8070-ஐ அடுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து ஒரே சட்டமாக்கினார். குழாய்களுக்குள் காற்று போகும். குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய இடுக்குகளில் தண்ணீர் இறங்கும். நான் குறிப்பேட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குழாயின் சுற்றளவு 24 மி.மீ. சட்டத்தின் ஆழத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால்கூட, 8070 குழாய்களின் உட்பக்கம் சேர்ந்து 1.9 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு வீட்டின் வாசற்கதவு அளவு பரப்பு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்! மேலும் மேலும் ஆழம் சேரச் சேரக் கதவுகள் பெருகிக்கொண்டே போகின்றன. பின்னால் ஒரு விசிறியும் வைத்தார், வண்டி மெதுவாகப் போகும்போதும் காற்று இழுபட வேண்டும் என்பதற்காக. மொத்த அமைப்புக்கும் தேவைப்பட்டது 9 லிட்டர் தண்ணீர். பெர்த்தா வழியெல்லாம் தேடிய நீரை மைபாக் ஒரு சட்டத்துக்குள் அடைத்துத் திரும்பத் திரும்ப வேலை வாங்கினார். என் கணிப்பில், காரைக் குதிரை வண்டியின் சாயலிலிருந்து பிரித்துத் தனி இயந்திரமாக்கியது இந்த ரேடியேட்டர்தான். அதிகத் திறன் வேண்டுமென்றால் அதிகச் சூட்டைக் கொட்ட இடம் வேண்டும். அந்த இடம் காற்று முதலில் வந்து மோதும் முன்பக்கம். அதனால்தான் காருக்கு முகம் வந்தது. அடுத்த நூறு ஆண்டுகள் உலகின் கார் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் அடையாளமாகப் பளபளக்க வைத்த அந்த முகம், அடிப்படையில் சூட்டைக் கொட்டும் ஜன்னல்.

அந்தத் தேன்கூட்டின் முன் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது குன்னூர் மலைப்பாதை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். மேட்டுப்பாளையத்தில் பிடித்த வாடகைக் கார், பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் புகைவிட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினார். நான் எட்டிப் பார்க்கப் போனேன். "அக்கட்ட போய் நில்லு கண்ணு, மூஞ்சி வெந்து போயிரும்" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். அப்பாவிடம், "அரை மணி நேரம் ஆவுமுங்க சார், சூடு இறங்கோணும்" என்றார். அரை மணி கழித்து ஈரச் சாக்கை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மூடியை மெல்லக் கால் சுற்றுத் திருப்பினார். உஸ்ஸென்று நெடுநேரம் ஆவி வந்தது. அது அடங்கிய பிறகுதான் முழுக்கத் திறந்தார். டிக்கியில் இருந்த தகர டின்னிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார், எஞ்சினை ஓடவிட்டபடியே.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. மலை ஏறும்போது எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது, வேகமோ குறைவு. சூடு கூடுகிறது, ரேடியேட்டருக்கு வரும் காற்று குறைகிறது. அதற்கு மேல், உயரம் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். 1850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைக்கிறது, பிரஷர் குக்கரின் வெயிட் போல. அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கானால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஆனால் அந்த மூடியைச் சூட்டில் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். 120 டிகிரித் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி மீதித் தண்ணீரையும் தூக்கி முகத்தில் அடிக்கும். எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றியதும் அறிவோடு செய்ததுதான். பழுத்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் ஒரே மொத்தமாகப் பட்டால் விரிசல் விடும்.

இன்னும் கீழே, பந்தய வண்டிகளின் தளம். வளைந்து சாய்ந்த பாதையின் மேல் வெள்ளி நிற வண்டிகள் பாய்வதுபோல் நிற்கின்றன. நான் தேடியது டபிள்யூ 125 சாதனை வண்டி. வழவழவென்று ஒரு கூழாங்கல்லைப் போன்ற உடல். சக்கரங்களைக்கூட மூடியிருக்கிறார்கள். முன்னால் மூக்குத் துவாரம்போல் இரண்டு சின்ன ஓட்டைகள். 736 குதிரைத்திறன் கொண்ட 12 சிலிண்டர் எஞ்சினுக்கு மூச்சுவிட அவ்வளவுதான் வழி. அப்படியானால் ரேடியேட்டர் எங்கே?

காற்றை உள்ளே விடுவது வேகத்தைத் தின்னும் வேலை. தேன்கூட்டுக்குள் நுழையும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். 400 கி.மீ. வேகத்தில் அந்த இழுப்பு பெரிது. ஆகவே பொறியாளர்கள் காற்றை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, சுமார் 500 லிட்டர் தண்ணீரும் பனிக்கட்டியும் நிரம்பிய பெட்டியை வண்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போதே 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. பிறகு 100 டிகிரி வரை சூடாக இன்னொரு 420. தோராயமாகக் கணக்கிட்டால் அந்த எஞ்சின் முழுத் திறனில் ஓடும்போது நிமிடத்துக்கு 40 கிலோவுக்கு மேல் பனிக்கட்டியைக் கரைத்துக் கொதிக்க வைத்துவிடும். ஊருக்குப் போக உதவாத வண்டி. ஆனால் அதற்குத் தேவைப்பட்டது ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் சுமார் எட்டேகால் வினாடியும் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சமும்தான்.

1938 ஜனவரி 28 காலை, பிராங்க்பர்ட்–டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் ருடால்ப் கராசியோலா மணிக்கு 432.7 கி.மீ. வேகத்தில் இதை ஓட்டினார். பொதுச்சாலையில் எட்டிய வேகங்களில் இது 2017 வரை முறியடிக்கப்படவில்லை. அதே நாள், அதே சாலையில், அந்தச் சாதனையை மிஞ்ச முயன்ற போட்டி அணியின் பெர்ன்ட் ரோஸ்மையர், வண்டி தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். வயது 28. இந்த வேகங்களையெல்லாம் நாஜி அரசு தன் விளம்பரமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. பனிக்கட்டிப் பெட்டியின் புத்திசாலித்தனத்தை மெச்சும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1954-இல் வந்த 300 எஸ்.எல். முன்னால்தான் கூட்டம் அதிகம். பறவைச் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவு. பக்கவாட்டு உலோகச் சட்டங்கள் உயரமாக இருந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லாமல் வந்த வடிவம் அது. அந்தக் கதவுக் கண்ணாடியை இறக்க முடியாது, கழற்றித்தான் எடுக்க வேண்டும். கோடையில் உள்ளே உட்கார்ந்தவர்கள் வெந்திருக்கிறார்கள். எஞ்சினின் சூடு வெளியேற முன்சக்கரத்துக்குப் பின்னால் மீன் செவுள்போலத் துளைகள் வைத்தவர்கள், உள்ளே இருக்கும் மனிதருக்கு அதே அக்கறையைக் காட்டவில்லை.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் வண்டியின் வேகத்தை நிறுத்துவது என்றால் அதைச் சூடாக மாற்றுவது என்று பொருள். ஒரு டன் எடையுள்ள பந்தய வண்டியை 280 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக்கில் பிறக்கும் வெப்பத்தால் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதனால்தான் 1955-இன் 300 எஸ்.எல்.ஆர். வண்டிக்கு லெ மான் பந்தயத்தில் முதுகில் ஒரு பெரிய தகட்டைப் பொருத்தி, காற்றையே பிரேக்காகப் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கட்டடமும் சூட்டைப் பற்றி யோசித்திருக்கிறது. நடுவில் கூரைவரை திறந்த முற்றம். தீப்பிடித்தால் புகை எல்லாத் தளங்களுக்கும் பரவிவிடும். ஆகவே சுவர்களில் 144 துளைகள் வைத்து, அவற்றின் வழியே காற்றைப் பீய்ச்சி, சுமார் 34 மீட்டர் உயரச் சூறாவளி ஒன்றை முற்றத்தின் நடுவில் எழுப்புகிறார்கள். அது புகையை உறிஞ்சிக் கூரைவழியே வெளியேற்றும்.

வெளியே வந்து சாலையோரம் நின்றபோது ஒரு மின்சார கார் சத்தமில்லாமல் போனது. அதன் முகம் மூடியிருந்தது. மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்கிவிடுகிறது. கொட்டுவதற்குச் சூடு அதிகமில்லை. பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சின்ன ரேடியேட்டர் கீழே எங்கோ ஒளிந்திருக்கும். மைபாக் கொடுத்த முகத்தைக் கார் மெல்லக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் பார்க்க ஸ்டுட்கார்ட் வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பழைய ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கும் பட்டறை இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். கழற்றி வைத்த ரேடியேட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் துளைகள் வழியே பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். மலைப்பாதையில் வண்டி கொதித்து நின்றுவிட்டால் மட்டும், எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். அதற்கு முன் அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.